பிள்ளையாருக்குள் இருந்த வண்டு

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டொக்டர் என் கையில் ஒரு சாணி வண்டையும் ஊசியையும் தந்து, அதன் ஆணுறுப்பை உடையாமல் வெளியே எடுக்கச் சொன்னார்.

தொண்ணூறுகளில், ரொறன்ரோவில் ஒரு பூச்சிச் சேகரிப்பில் நான் உதவியாளராக இருந்தேன். டொக்டர்தான் பொறுப்பாளர், வெள்ளைக்காரர். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தபோது தவளை வெட்டியிருக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஓர் ஆம்பிளைக்குப் பக்கத்தில் இருந்து இந்த வேலையைச் செய்ய எனக்கு அங்கே ஒருவரும் பழக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. இந்தக் குடும்பத்து வண்டுகளில் பல வெளியே பார்க்க ஒரே அச்சு. கொம்பு, தலைத்தகடு, முன்காலில் உள்ள பற்கள் எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், அந்த உறுப்பின் வளைவுதான் கடைசித் தீர்ப்பு. வண்டை வெந்நீரில் ஊறவைத்து, பின்பக்கத்தால் ஊசியை விட்டு, கொளுவி இழுத்து, சின்ன அட்டையில் ஒட்டி, அதே குண்டூசியில் வண்டுக்குக் கீழேயே குத்தவேண்டும். எந்த ஆணுக்கும் வரக்கூடாத கதி. சொந்தக்காரர் கேட்டால் "ஒஃபீஸ் வேலை" என்று சொல்லிவிடுவேன்.

டொக்டர் ஆராய்ந்தது ஒந்தோபாகஸ் வகையில் ஒரு சின்னக் கறுப்பு வண்டு. அதைப்பற்றி எழுதியவர்கள் குறைவு, வாசித்தவர்கள் அதிலும் குறைவு. அதன் உடலமைப்பையும் அது எங்கெங்கே வாழ்கிறது என்பதையும் பற்றி அவர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகள், எல்லாம் நகரத்துக்கு மேற்கே. கிழக்கே ஒன்றும் இல்லை.

2. குடிபூரல்

அந்தக் கோடையில் என் கணவரின் அக்கா, என் மச்சாள், நகரத்துக்குக் கிழக்கே ரூஜில் வீடு வாங்கினா. பல வருடம் பேஸ்மன்ற்றில் இருந்த சனம். குடிபூரலுக்கு, அதாவது புதுவீடு குடிபுகும் பூசைக்கு, சாணியில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல்லுக்குப் பதிலாக முற்றத்துப் புல்லைக் குத்தி வைத்திருந்தார்கள். சாணி கொண்டுவந்தது மச்சாளின் கணவர் சிவம் அண்ணை.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிள்ளையார் அசைந்தார்.

"ஐயோ, பிள்ளையார் அசையிறார்!" மச்சாள் விழுந்து கும்பிட்டா. "அப்பனே, இந்த வீட்டில நிம்மதியா இருக்கலாம் எண்டு சொல்லுறியே?" என்று குலுங்கி அழுதா. சுற்றி நின்ற அன்ரிமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிள்ளையாரின் வயிற்றால் முதலில் ஒரு முன்கால் வந்தது. அதன் பற்களைக் கண்டதும் எனக்குப் பக்தியெல்லாம் பறந்துவிட்டது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரம் பார்த்து, வண்டை எடுத்துக் குங்குமச் சிமிழுக்குள் போட்டேன்.

திங்கட்கிழமை டொக்டர் அதை நுண்நோக்கியில் பார்த்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அதே வண்டு, அதுவும் ஆண். "ரூஜில் மாட்டுச்சாணியில் இருந்ததா? கிழக்கே இதுதான் முதல் தடவை! உறுப்பை எடுத்துப் படம் கீறுங்கள். கட்டுரையில் உங்கள் பெயரும் என்னுடைய பெயரோடு வரும்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டில் என் பட்டத்தை மதித்து ஒருவரும் ஒரு தேத்தண்ணி கூடத் தந்ததில்லை.

படத்துக்காக வண்டைக் கழுவும்போதுதான் பார்த்தேன். முன்கால் பற்களுக்குள் சரியாக அரைபடாத வைக்கோல் துண்டுகள். மாடு அசைபோட்டுத் தின்கிற பிராணி, அதன் சாணி களிபோல இருக்கும். இது மாட்டுச்சாணியே இல்லை.

சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"பவானி, மெல்லமாக் கதையும், அவ பக்கத்தில நிக்கிறா." குரல் கிசுகிசுத்தது. "மாட்டுப் பண்ணைக்குத்தான் போனனான். நாயை விட்டுக் கலைச்சுப்போட்டாங்கள். பேந்து மேற்கால பிறம்ரனில வேலை முடிஞ்சு வரேக்க ஒரு குதிரை லாயத்தைக் கண்டனான். மாடும் புல்லுத்தான் தின்னுது, குதிரையும் புல்லுத்தான் தின்னுது. மஞ்சளைக் குழைச்சுவிட்டா ஆருக்குத் தெரியும்?"

"டொக்டரிட்டச் சொல்லாமல் விடேலாது அண்ணை. வரைபடம் பிழைச்சுப்போகும்."

"வெள்ளைக்காரனுக்குத் தாராளமாச் சொல்லும். உம்மட மச்சாளுக்குச் சொல்லிப்போடாதேயும். என்னை வீட்டால கலைச்சுப்போடுவா."

என் பெயர் போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் டொக்டரின் அறைக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு வரைபடத்துக்கு முன்னால் போனார். ரூஜில் போட்ட புள்ளியை அழித்தார். பிறகு, "அந்த லாயத்துக்கு வழி தெரியுமா?" என்றார்.

போனோம். அங்கே வண்டு கொட்டிக் கிடந்தது. டொக்டர் முழங்காலில் நின்று குதிரைச்சாணியைக் கிண்டினதை லாயக்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். புள்ளி பிறம்ரனுக்கு மாறியது. என் பெயர் மாறவில்லை.

3. அச்சில் வந்தபின்

கட்டுரை வந்ததும் என் கணவர் பெருமை தாங்காமல் போட்டோக்கொப்பி அடித்துச் சொந்தமெல்லாம் கொடுத்தார். வண்டு எங்கே கிடைத்தது என்று மச்சாளுக்கு நான் முதலே சொல்லியிருந்தேன், எந்தச் சாணி என்று மட்டும் சொல்லவில்லை. அவவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

"எங்கட பிள்ளையாருக்குள்ள எடுத்த வண்டெண்டு சொன்னனீர். உதில குதிரைச்சாணி எண்டெல்லோ கிடக்கு?"

சிவம் அண்ணை மெதுவாகக் கராஜ் பக்கம் நழுவினார்.

முடிவு, இன்னொரு குடிபூரல். "நீர்தானே சாணி விஞ்ஞானி, நீரே போய் எடுத்துக்கொண்டு வாரும்" என்று எனக்குக் கட்டளை. மாட்டுக்குப் பின்னால் நானே நின்று வாங்கிவந்தேன். டொக்டரும் அழைப்பின் பேரில் வந்தார், சட்டைப்பையில் ஒரு கண்ணாடிக் குப்பியோடு.

இந்தத் துறைக்கு வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வண்டு பிடிபட்ட இடத்தை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள், அது எதில் ஏறி வந்தது என்றும் விசாரியுங்கள். வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது நல்லது.

அன்று பூசை குறையில்லாமல் நடந்தது. பிள்ளையார் அசையவில்லை. டொக்டர் ஏமாற்றத்தோடு குப்பியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார். எல்லாரும் சாப்பிடப் போனபின் மச்சாள் மட்டும் பிள்ளையாருக்கு முன்னால் இருந்தா. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"இவர் சுத்தமான மாட்டுச்சாணிதான், பவானி" என்றா. "ஆனா அண்டைக்கு எனக்கு மறுமொழி சொன்னவர் மற்றவர்தான்."