எலுமிச்சம்பழச் செலவு

எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் கால்பந்து கிளப்புக்கு நான் பொருளாளர் ஆனதற்கு ஒரே காரணம், பி.காம். படித்திருந்தேன் என்பது. பழைய பொருளாளர் திருச்சிக்கு மாற்றலாகிப் போனதும், கேப்டனாக இருந்த என் கணவர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். அப்போது எனக்குக் கைக்குழந்தை. கேஸை அணைத்தேனா என்று ஆவடி பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். என்னிடம் ஒரு கிளப்பின் கஜானா. கஜானா என்றால் காலியான பேபி பவுடர் டப்பா.

வரவு மூன்று வழியில் வந்தது. உறுப்பினர் சந்தா, அதில் பாதி எப்போதும் அடுத்த சம்பளத்தில் வரும். பொங்கல் விழா மலருக்குக் கடைக்காரர்கள் தரும் விளம்பரம். மூன்றாவது தொழிற்சாலை நலநிதியின் மானியம். மற்ற இரண்டையும் சேர்த்தாலும் அதற்கு உறை போடக் காணாது. ஆகவே நலநிதியின் விதிதான் எங்களுக்கும் விதி. ஆட்டக்காரர் யாருக்கும் பணம் தரக்கூடாது. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும். மார்க்கெட்டில் ரசீது தரமாட்டார்கள் என்பதால் காய்க்கும் பழத்துக்கும் மட்டும் வவுச்சரில் ஒரு கையெழுத்து போதும்.

விதிகள் இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் முந்தைய வருடச் செலவைப் பார்த்ததும் நிம்மதி போயிற்று. இடைவேளையில் சப்புவதற்கு வாங்கிய எலுமிச்சம்பழத்துக்கு, பந்து, வேன் வாடகை இரண்டையும்விட அதிகம் செலவாகியிருந்தது. பதினோரு பேர் இவ்வளவு புளிப்பைத் தின்றால் வயிறு என்னத்துக்காகும் என்றுதான் முதலில் கவலைப்பட்டேன்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். என் கணவருக்கு முழங்கால் போய்விட்டது, அதுதான் கடைசி ஆட்டம். அதுவரை ஒரு கோப்பையைக்கூட அவர் தொட்டதில்லை. மாடி வீட்டில் இருந்த கிளப் செயலாளர் வந்து, ஃபைனலுக்கு எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைக்கச் சொன்னார். நானே வாங்கி வருகிறேன் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் குழந்தை அழுதது.

மறுநாள் மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு மூட்டையே வாங்கினேன். மிச்சப் பணத்தை அன்றைக்கே நலநிதி அலுவலகத்தில் திருப்பிக் கட்டினேன். அவ்வளவு பெருமையாக நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அம்பத்தூர் மைதானத்தில் மூட்டையைப் பார்த்ததும் என் கணவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் சென்டர் ஃபார்வர்டு எங்கள் தொழிற்சாலை ஆள் இல்லையாம். பக்கத்து ஊரான பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியையும் மேலே கொஞ்சத்தையும்தான் வருடக்கணக்காக எலுமிச்சம்பழம் என்று எழுதிவந்தார்கள். ரசீது கேட்காத செலவு அது ஒன்றுதானே. "ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றார் என் கணவர்.

அந்த ஆள் பூட்ஸை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு வந்து மூட்டையைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? நான் இன்னா ஊறுகாயா போடப் போறேன்?"

டப்பாவில் சில்லறைதான் இருந்தது.

"லீவு போட்டுகினு வந்துகீறேன். ஊட்டுல எனுக்கும் ஒரு புள்ள கீதுக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

என் கைப்பையில் குழந்தையின் பால்பவுடருக்கு வைத்திருந்த பணம் இருந்தது. ஆட்டக்காரருக்குப் பணம் தரக்கூடாது என்பது கிளப்புக்குத்தான், எனக்கு அந்த விதி பொருந்தாது என்று ஒருமுறை சொல்லிக்கொண்டேன். பொருந்துமோ என்று இன்னொரு முறை. விசில் ஊதிவிட்டார்கள். கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு, மூட்டையிலிருந்து நான்கு பழத்தையும் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டார்.

ஒரே கோல், அவர் போட்டது. கோப்பையை என் கணவர் குழந்தையைவிடப் பத்திரமாகத் தூக்கி வந்தார். பணமுடிப்பு எதுவும் கிடையாது. கோப்பையில் பெயர் பொறிக்கிற கூலியும் நம்முடையது என்று பிறகுதான் தெரிந்தது.

என் பணத்தையும் எலுமிச்சம்பழத்தில் எழுதி எடுத்துக்கொள்ளச் சொன்னார் செயலாளர். ஒரு மூட்டைக்கு மேல் ஒரே நாளில் எப்படித் தின்றீர்கள் என்று யாராவது கேட்டால்? எழுதவில்லை. மாதக் கடைசிவரை குழந்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சி. எடை கூடித்தான் இருந்தது. இருந்தும் தினமும் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வருட முடிவில் நலநிதி அதிகாரி என்னை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். இத்தனை காலம் எலுமிச்சம்பழத்தில் போய்க்கொண்டிருந்த பணத்தை ஒரு பெண் வந்து நிறுத்திவிட்டார் என்றார். அந்தத் தொகையை அடுத்த வருட மானியத்தில் குறைத்தும்விட்டார். கைதட்டியவர்களில் செயலாளர் கடைசியாகத் தட்டினார்.

அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்கு, வருவாரோ மாட்டாரோ என்று நினைத்திருந்த பாடிக்காரர் வந்தார். நேரே என்னிடம்தான் வந்தார்.

"எக்கா, இந்த வாட்டி பழமா, துட்டா?"

துட்டுதான், ஆனால் போன வருட அளவுக்கு இல்லை என்றேன். மானியம் குறைந்த கதையைச் சொன்னேன். அதோடு அந்த மூட்டையில் மீந்ததைப் போட்டு வைத்த ஊறுகாய் பாட்டில் ஒன்றையும் நீட்டினேன். மூடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு கம்மிக்கா" என்று சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டினார்.

அன்று வவுச்சரில் எலுமிச்சம்பழம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மைதானத்தில் ஒரு பழம்கூட இல்லை. இடைவேளையில் பையன்கள் வெறும் தண்ணீர் குடித்தார்கள். உப்பு நிஜமாகவே கம்மியா என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.