அடியில் தொடங்கிய இருபத்தாறு ரதங்கள்

காலை 8.10. கோவளத்திலிருந்து வேன் புறப்பட்டது. உள்ளே நான்காம் வகுப்புக் குழந்தைகள் இருபத்தாறு பேர், அவர்களின் ஆசிரியை கலைவாணி, தலைமை ஆசிரியை, சிறுசேரியில் மென்பொருள் சோதிக்கும் வேலையிலிருந்து சனிக்கிழமை உதவிக்கு வந்த நான். என் பையில்: பத்து ரூபாய் சோப்பு 27, ஐஸ்கிரீம் மரக்கரண்டி 27, பழைய செய்தித்தாள், பிளாஸ்திரி, செய்முறைப் படிகள் எழுதிய ஒரு தாள். மாமல்லபுரம் இருபது கிலோமீட்டர்தான்.

தமிழ்நாட்டு வரலாற்றைக் கைவேலையாகக் கற்பிக்கலாம் என்பது கலைவாணியின் யோசனை. தலைமை ஆசிரியைக்கு அதில் நம்பிக்கை இல்லை. “ஒரு தடவ கூட்டிப் போங்க. முடிவுல நான் கேள்வி கேப்பேன். பதில் வரலேன்னா அடுத்த வருஷம் புக்கு மட்டும்தான்” என்று சொல்லியிருந்தார்.

“இன்னாம்மா இத்தினி சோப்பு? மொத்தப் பேரையும் குளிப்பாட்டப் போறியா?” என்றார் ஓட்டுநர்.

“மொதல்ல உன்னத்தான்ணே!” என்றது பின்னிருக்கை.

9.00. ஐந்து ரதங்களுக்கு வெளியே ஒரு புங்கமரத்தடி. பீம ரதத்தின் படத்தை நடுவில் வைத்து, அதைப் பார்த்துச் செதுக்க ஆளுக்கொரு சோப்பும் மரக்கரண்டியும் கொடுத்தோம். நான் படிகளை வாசித்தேன். ஒன்று, அடித்தளம். இரண்டு, தூண்கள். மூன்று, கூரை. குழந்தைகள் சொன்னபடியே செய்தார்கள். தூண்கள் மெலிந்தன. கூரையைச் சுரண்ட மேலிருந்து அழுத்தியதும் ஒவ்வொன்றாக முறிந்தன.

“மிஸ், என் தேரு மண்டையப் போட்டுச்சு!”

9.40க்குள் இருபத்தாறும் உடைந்துவிட்டன. மிஞ்சியது உபரியாக வாங்கிய ஒரு சோப்பு. தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உடைந்த துண்டுகளைச் செய்தித்தாளில் அள்ளினேன்.

கலைவாணி மட்டும் பதறவில்லை. “ஏன் ஒடஞ்சுதுன்னு உள்ள போய்ப் பாத்துட்டு வரலாம், வாங்க.”

10.15. நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு 40 ரூபாய், குழந்தைகளுக்கு இல்லை. வண்டிக்கூடு போன்ற பீம ரதத்தின் கூரையை எல்லாரும் அண்ணாந்து பார்த்தபோது, மீன்பிடிக் குடும்பத்துச் சிறுமி மேகலா கீழே குந்தி அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இங்க சொரசொரன்னு கீது. வேலையே முடியல.”

“டப்பு பத்தாம போயிருக்கும்” என்றான் ஒருவன்.

“தே, சும்மா இரு. கீழ மொதல்ல செஞ்சிருந்தா கீழ முடிஞ்சிருக்கும்ல? மேலேருந்து எறங்கிகினு வந்திருக்காங்க. பாதியில வுட்டுட்டாங்க.”

கூரையைச் செதுக்கும்வரை கீழே முழுப் பாறை தாங்கி நின்றிருக்கிறது. இங்கே நான் நாலைந்து முறை வந்து படம் எடுத்திருக்கிறேன். ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

11.30. மீண்டும் மரத்தடி. தலைமை ஆசிரியை கேட்டார்: “இதக் கட்டுன ராஜா யாரு?”

கலைவாணி தரையைப் பார்த்தார். மேகலா மெல்ல எழுந்தாள்.

“கட்டல மிஸ். ஒரே பாறை. மேலேருந்து செதுக்கிகினே வந்தாங்க.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“அடியில பாத்தேன் மிஸ். நீங்க பாக்கலியா?”

தலைமை ஆசிரியை கடைசி சோப்பை எடுத்து அவளிடம் நீட்டினார். “செஞ்சு காட்டு.”

மேகலா கூரையில் தொடங்கினாள். இருபத்தைந்து தலைகள் சுற்றி வளைத்தன. அடியைத் தொடாமலே கரண்டியைக் கீழே வைத்தாள். ரதம் நின்றது. தலைமை ஆசிரியை அதைச் செய்தித்தாளில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

வேனில் ஏறும்போது கலைவாணியிடம், “ராஜா பேரையும் சொல்லிக் குடுங்க. அடுத்த வருஷம் சோப்பு கொஞ்சம் கூடுதலா வாங்குங்க” என்றார்.

அலுவலகத்தில் நாங்கள் எதையும் அடித்தளத்திலிருந்துதான் தொடங்குவோம். முட்டுக்காட்டுப் பக்கம் வீடு திரும்பும் வழியில் என் தாளைத் திருத்தினேன். ஒன்று, கூரை. இரண்டு, தூண்கள். மூன்று, நேரம் இருந்தால், அடித்தளம்.