நடக்க இடம் தேடிய கர்ப்பிணிகள்

1. சாக்கடைக் கல்

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாளன்று மாதேவி நொண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். புடவையின் ஒரு பக்கம் முழுக்கச் சாக்கடைச் சேறு. முழங்காலில் சிராய்ப்பு. ஆறு மாத வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள்.

அப்போது நான் மைசூரில் ஒரு நகர ஆரோக்கிய மையத்தில் சீனியர் சிஸ்டர். மாதேவி தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துப் பெண். நானும் அந்தப் பக்கம்தான் என்பதால் என்னிடம் தமிழிலேயே பேசுவாள். புருஷன் நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. போன வாரம்தான் அவளுக்கு குளுக்கோஸ் குடிக்க வைத்து டெஸ்ட் எடுத்ததில் சுகர் கூடுதலாக இருந்தது. "மாத்திரைக்கு முன்னாடி சாப்பாட்டைக் குறைச்சு, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் நடந்து பார்க்கலாம்" என்று எங்கள் டாக்டர் மேடம் சொல்லியிருந்தார். கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டில் அதை எழுதிக் கொடுத்தது நான்.

முதலில் வயிற்றில் டாப்ளரை வைத்தேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். மாதேவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. நல்ல வேகம், நல்ல சத்தம். அவள் அழ ஆரம்பித்தாள். அழுகையோடு விஷயமும் வந்தது.

"நடக்கச் சொன்னீங்கன்னு நடந்தேனுங்க சிஸ்டர். பானிபூரி வண்டியச் சுத்திப் போலாம்னு ரோட்டுல எறங்குனேன். பின்னால ஒரு ஸ்கூட்டர்காரன் ஆரன் அடிச்சானுங்க. ஒதுங்குனேன். ஒதுங்குன எடத்துல சாக்கடைக்கு மேல கல்லு இல்லீங்க."

"வீட்டுக்குள்ளயே நடந்திருக்கலாமில்ல?"

"நடந்தேனுங்க. நாலு எட்டு வெச்சா செவுரு வந்துருது. திரும்பித் திரும்பித் தல சுத்துது. எங்க மாமியா, பேய் புடிச்சிருச்சான்னு கேக்கறாங்க."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு காயத்துக்கு மருந்து போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டர், அந்தத் தெருவை ஒரு தடவை பார்த்துட்டு வாங்களேன்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் அந்தத் தெருவில் நடந்தேன். மைசூர் என்றால் சுத்தம், அகலமான ரோடு என்று வெளியூர்க்காரர்கள் புகழ்வார்கள். அவர்கள் அரண்மனையைச் சுற்றிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். மாதேவியின் தெருவிலும் நடைபாதை இருக்கத்தான் இருந்தது. அதில் ஒரு டிரான்ஸ்பார்மர், வரிசையாக பைக்குகள், யாரோ வீடு கட்டக் கொட்டிய ஜல்லி, ஜல்லியின் மேல் சௌகரியமாகப் படுத்திருந்த நாய்கள். மனிதர்களுக்கு மட்டும் இடம் இல்லை. காலையில் நேரத்தோடு நடக்கலாம் என்றால் அப்போதுதான் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும். மற்ற கர்ப்பிணிகளையும் விசாரித்தேன். கார்டில் "வாக்கிங்" என்று எழுதியிருந்த ஒருத்தியும் நடக்கவில்லை. திட்டுவேன் என்று பயந்து, "நடக்கறேன் சிஸ்டர்" என்று தலையாட்டி இருக்கிறார்கள்.

2. ஆஷாட மாசத்துக் கல்யாணம்

இடம் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது பக்கத்துக் கல்யாண மண்டபம். ஆஷாட மாசம், நம் ஆடி மாதிரி முகூர்த்தம் கிடையாது. அவ்வளவு பெரிய ஹாலில் வாட்ச்மேன் மாதப்பா தனியாகப் படுத்திருந்தார். ஓனரைப் போய்ப் பார்த்தேன். அவர் கன்னடத்தில் யோசித்து யோசித்துச் சொன்னதன் சாரம் இதுதான்: நடக்கட்டும், ஆனால் ஃபேன் போட மாட்டேன், மேடையில் ஏறக்கூடாது.

மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பிறகு மாதேவியோடு ஐந்து பேர் வந்தார்கள். ஹாலைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். மாதப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன் சிஸ்டர், மாப்பிள்ளையே இல்லாம நேரா வளைகாப்பா?"

ஆனால் மனிதர் நல்லவர். ஓனர் வராத நாளில் ஃபேன் ஓடியது. பெண்கள் மாமியார்களைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்ததால் யாருக்கும் களைப்பு தெரியவில்லை. மாதேவியின் சுகர் இறங்க ஆரம்பித்தது. மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா இன்சுலின் வேண்டாம்" என்றார்.

இப்படியே போகவில்லை. ஆஷாடம் முடிந்தது. ஒரு நாள் காலையில் போனால் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாதப்பா சங்கடத்தோடு கையை விரித்தார்.

3. தலைவர்

அடுத்த லேஅவுட்டில் கார்ப்பரேஷன் பார்க் ஒன்று உண்டு. நல்ல மரங்கள், கல் பதித்த பாதை. அதற்கு ஒரு பூட்டும், பூட்டுக்கு ஒரு சங்கமும், சங்கத்துக்குத் தலைவராக ராகவன் சாரும் இருந்தார்கள். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு பார்க்குக்கு எதிரே. காலையில் ஒன்பது மணிக்குப் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பார். பேச்சில் கன்னடம் கலந்தாலும் தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. அது வீண் தைரியம்.

"நோடம்மா சிஸ்டர், ஒன்பது மணிக்கு மூடணும்னு ரெசல்யூஷன் இருக்கு."

"கர்ப்பிணிங்க சார். சாப்பிட்டப்புறம் நடந்தாத்தான் சுகருக்குக் கேக்கும்."

"வாஸ்தவம்தான். ஆரோக்கியத்துக்குத்தானே நாங்க இந்தப் பார்க்கையே மெயின்டெய்ன் பண்றோம். எல்லாரும் வந்து நடந்தா பார்க்கோட ஆரோக்கியம் என்னத்துக்கு ஆறது?"

டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார். மேடம் அப்போதே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: பார்க், காலை உணவுக்குப் பின் ஒரு வேளை, மதிய உணவுக்குப் பின் ஒரு வேளை. தலைவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அடுத்த மாத மீட்டிங்கில் வைப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம்வரை மாதேவியின் வயிறு காத்திருக்குமா?

நான் சர்க்கார் வேலைக்காரி. போராட்டம் எல்லாம் செய்யக் கூடாது, செய்யவும் இல்லை. பெண்கள்தான், "உள்ள வேண்டாமுங்க, வெளிய சுத்தி நடந்துக்கறோம்" என்றார்கள். மறுநாள் பார்க் வேலியை ஒட்டி ரோட்டில் ஐந்து பேரும் நடந்தார்கள். நான் சும்மா கூடப் போனேன்.

இரண்டாவது சுற்றில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. டிரைவர் ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மாதேவி லாரிக்கும் வேலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். நான் கத்துவதற்குள் எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நில்ஸோ! லாரி நில்ஸோ!"

லாரி நின்றது. மாதேவி வேலிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ராகவன் சார் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை என்ற நிலையில் ஓடி வந்தார். டிரைவரைத் திட்டினார். பிறகு எங்களைத் திட்டினார். திட்டிக்கொண்டே சாவியை எடுத்தார். அவசரத்தில் அதைத் தலைகீழாகப் பூட்டில் நுழைக்கப் பார்த்தார். மாதேவியே சாவியை வாங்கித் திறந்தாள்.

"உள்ள போய் உக்காருங்கோம்மா முதல்ல" என்றார். மீட்டிங் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அதற்கப்புறம் அவர் தினமும் பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். "கையை வீசி நட. மொபைல் பேசப்படாது. ஏ குழந்தே, அந்தப் பக்கம் பாசி இருக்கு, பார்த்து." தசரா யானைகள் ஊருக்கு வந்து, போலீஸ் ரோட்டை ஒதுக்கிக் கொடுக்க, தினமும் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த சமயம் அது. மாதேவி என் காதில் சொன்னாள்: "யானைக்காச்சும் மாவுத்தன் மேல உக்காந்து வருவானுங்க. நம்மாளு உக்காந்த எடத்துலயே ஓட்டறாரு."

மாதேவிக்கு இன்சுலின் போடாமலே சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. எடையும் சரி, சுகரும் சரி. தகவல் சொல்லப் போனபோது ராகவன் சார், "நம்ம பார்க் காத்து அப்படி" என்றார். கேட்டில் புது போர்டும் மாட்டிவிட்டார். கர்ப்பிணிகளுக்கான நேரம் சின்ன எழுத்தில், தலைவர் பெயர் பெரிய எழுத்தில். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கார்டில் "நடக்கவும்" என்று எழுத ஒரு வினாடி போதும். எழுதுவதற்கு முன் அவள் வீட்டு வாசலில் இறங்கி, நீங்கள் ஒரு தடவை நடந்து பாருங்கள். உங்களால் நடக்க முடியாவிட்டால், அன்றைக்கு மருத்துவம் தேவைப்படுவது அந்தத் தெருவுக்கு.