வெள்ளை முனை வைத்த கலர் சாக்ஸ்

அப்பா இல்லாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் சொந்தங்களில் பாதிப் பேர் வீட்டு அலமாரியில் அப்பா பின்னிக் கொடுத்த சாக்ஸ் ஒரு ஜோடியாவது கிடக்கும். தென்காசி வெயிலில் யாரும் அதைப் போட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். "போடாட்டா என்ன, கிடந்துட்டுப் போட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியை ஆரம்பித்துவிடுவார்.

அப்பா பிறந்தது குத்துக்கல்வலசையில், வயலை நம்பிய குடும்பத்தில். தாத்தா சீக்கிரமே தவறிவிட்டதால் தம்பி தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு மீசை முளைக்கும் முன்பே அப்பா தலையில் விழுந்தது. ராணுவத்தில் சேர்ந்தார். பனிமலை முகாம் ஒன்றில் மலைநாட்டு வீரர் ஒருவர் நாலு ஊசி வைத்துச் சாக்ஸ் பின்னுவதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தங்கைகள் கல்யாணம், தம்பி படிப்பு எல்லாம் முடித்து, மேலகரத்தில் வீடும் கட்டி, ஓய்வு பெற்று வந்தபோது டிரங்குப் பெட்டியில் அந்த நாலு ஊசியும் கூடவே வந்தன.

வீட்டு முன்னால் நாற்காலி போட்டுப் பின்ன உட்கார்ந்தால் தெருவே சிரிக்கும். "என்ன மிலிட்டரி, துப்பாக்கி பிடிச்ச கையில பொம்பளையாள் வேலை பாக்கீய?" என்பார் எதிர்வீட்டு அண்ணாச்சி. அப்பா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "குளிர்ல விரலு போயிரும்னா எவனும் பின்னுவான் அண்ணாச்சி" என்பார். அப்பாவை யாரும் சீண்டிக் கோபப்படுத்த முடியாது. கோபப்பட வேண்டியதெல்லாம் பிள்ளைகளாகிய எங்களிடம்தான்!

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து கால் மரத்துப் போனது. முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. காலில் பெரிய புண் வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்தார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மெத்தென்ற வெள்ளைச் சாக்ஸ் போடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"நீங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கையில நான் காலுல வெள்ளையச் சுத்திக்கிட்டு அலையணுமா? நாலு பேரு என்ன சொல்லுவா?"

பிள்ளைகள் நாங்கள் இப்படி எதிர்த்துச் சொல்லியிருந்தால் அப்பா வீட்டை இரண்டாக்கியிருப்பார். அம்மாவிடம் மட்டும் அவர் சத்தம் எழும்பாது. மறுநாளே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் பருத்தி நூல் வாங்கி வந்தார். ஒரே உருண்டையில் மஞ்சள், பச்சை, குங்குமச் சிவப்பு என்று நிறம் தானாக மாறி வரும் நூல். இரண்டு மூன்று நூல் சேர்த்துப் பூப் போட்டால் உட்பக்கம் இழை தொங்கும், அது விரலில் மாட்டும். இந்த நூலில் அந்தத் தொந்தரவு கிடையாது. வரி வரியாக, நடுவே அலை வைத்து, கணுக்கால் வரைக்கும் பின்னினார். அம்மா போட்டுப் பார்த்து, "ஏ, சேலை பார்டர் மாதிரில்லா இருக்கு!" என்றார். அதன் பிறகு கல்யாண வீட்டுக்குக்கூடச் சேலைக்குப் பொருத்தமான ஜோடியாகத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்.

ஒரு சாரல் காலத்தில் வீடு நிறைய விருந்தாளிகள். எல்லாரையும் அழைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். அம்மாவின் செருப்புக்குள் கூரான கல் ஒன்று புகுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை, அதோடேயே நடந்திருக்கிறார். திரும்பி வந்ததும் சாக்ஸைக் கழற்றி வாங்கித் துவைக்கப் போட்டது அப்பாதான். சிவப்பு வரி பட்டையாக இருந்ததைக் கையில் பிடித்தே பார்த்திருக்கிறார், நூலின் நிறம் என்று நினைத்துவிட்டார். விருந்தாளிகள் ஊருக்குப் போன பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தது. கால் வீங்கியதும்தான் புண்ணைக் கண்டோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா ஊசியும் நூலும் இல்லாமல் வெறுங்கையாக உட்கார்ந்திருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. "என் கையில பிடிச்சுப் பாத்தேன்ளா. ரத்தத்தக் கலருன்னு நெனச்சுட்டேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சுண்டுவிரல் போயிற்று. பாதம் தப்பியது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாச் சாக்ஸையும் எடுத்து வைத்துக்கொண்டு முனையைப் பிரித்தார். கழுத்து நீட்டி எட்டிப் பார்த்த அம்மாவிடம், "ஏட்டி, மேல உனக்குப் பிடிச்ச கலரு இருக்கட்டும். விரலும் குதிகாலும் மட்டும் வெள்ளை. எனக்கு உன் காலு வேணும்டி" என்றார். நூல் மாறும் இடத்து முடிச்சு உறுத்திவிடக் கூடாதென்று அதை வெளிப்பக்கமாக வைத்துப் பின்னினார். உங்களுக்கு வந்த சாக்ஸிலும் வெள்ளை முனை இருக்கும். புது ஃபேஷன் என்று நினைத்திருப்பீர்கள்.

அன்றிலிருந்து விளக்கேற்றும் நேரத்தில் அம்மா அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து காலை நீட்டுவார். அப்பா முனையையும் குதிகாலையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளை. சரி" என்பார். அதற்குப் பிறகுதான் காப்பி. ஊரில் எந்த விசேஷத்துக்குப் போயிருந்தாலும் அந்த நேரத்துக்கு வீடு வந்துவிடுவார். இப்படி ஒரு மனிதரை அப்பாவாகப் பெற்றதில் எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்கவும் போவதில்லை.

கடைசி மாதங்களில் நெஞ்சு பலவீனமாகி, கண்ணும் மங்கிவிட்டது. அப்போதும் அம்மாவின் காலைத் தடவியபடி, "வெள்ளையா?" என்று கேட்பார். நான் பார்த்து, "வெள்ளைதான் அப்பா" என்று சொன்னால்தான் கையை எடுப்பார். சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் அமைதியாக மூச்சு அடங்கியது.

பதினாறாம் நாள் விசேஷத்தில் உறவில் மூத்த அத்தை ஒருவர், நல்ல மனதோடுதான், "இனி எதுக்கும்மா காலுல கலரு? கழத்திரு" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளைய அவுக இருக்கையிலேயே எனக்குப் போட்டுட்டாக. கலரும் அவுக போட்டதுதான். ரெண்டும் கெடக்கட்டும்."

அந்த அத்தைதான் அம்மாவைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதது.

அப்பாவைத் தோள் கொடுத்துச் சுமந்த சொந்தத்துத் தம்பிமாருக்கும், அந்த நாட்களில் எங்கள் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்து இறக்கிய தெருக்காரர்களுக்கும், வாயால் கேலி செய்துவிட்டுக் கையால் அத்தனை உதவியும் செய்த எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும், அம்மாவின் காலுக்குப் பக்குவமாகக் கட்டுப்போட்ட நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சர்க்கரை உள்ள மாமாமாரே, அத்தைமாரே, அலமாரியில் கிடக்கும் அந்தச் சாக்ஸை எடுத்துப் போடுங்கள். அப்பாவுக்குச் செய்கிற மரியாதை அதுதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தகனம் முடிந்து எல்லாரும் குளித்து வந்த அன்று மாலை, வீடு நிறைய ஆள் இருக்க, விளக்கேற்றிய நேரத்தில் அம்மா பழக்கத்தில் அந்த வெறும் நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. காலை இழுத்துக்கொள்ளப் போனார். நான் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் பார்த்துவிட்டேன். வெள்ளைதான் அப்பா.

— மகள்