மணி அடிக்கக்கூடாத மேசை

அலுவலக மேசையில் ஒரு சாம்பல் நிறத் தொலைபேசி இருந்தது. அதன் ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கு. ஜெர்மனியின் ஹம் நகரில், வயதானவர்களை வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் சிறிய நிறுவனம் அது. நான் பின்னேரங்களில் துப்புரவு வேலை செய்தேன். இந்தக் காலத்தில் நேரம் வந்ததும் அழைப்பெல்லாம் தானாகவே தாதிக்கு மாறுமாம். அப்போது எங்கள் பொறுப்பாளர், நான் ‘பிள்ளை’ என்று கூப்பிடும் மன்னார்ப் பெண், நாலு மணிக்குச் சில இலக்கங்களை அழுத்தி, வரும் அழைப்பெல்லாம் அன்றைய தாதியின் கைபேசிக்குப் போகும்படி செய்துவிட்டு வீட்டுக்குப் போவாள். விளக்கு எரியும். அதன் பிறகு அந்த மேசையில் மணி அடிக்கவே கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் அடுத்த அறையில் நிலம் துடைத்துக்கொண்டிருக்க, அது அடித்தது. ஓடிப் போனேன். விளக்கு அணைந்திருந்தது. சற்று முன் அந்தத் தொலைபேசியை ஈரத்துணியால் துடைத்தது நான்தான். எடுக்கவா, விடவா? என் ஜெர்மன் கடையில் சாமான் வாங்க மட்டும்தான் காணும். கை நீட்டுவதற்குள் மணி நின்றுவிட்டது. யாரோ எங்கேயோ விழுந்து கிடக்கிறாரோ என்று பயந்தேன். சொன்னால் வேலை போய்விடுமோ என்றும் நினைத்தேன். ஆனாலும் என் கைபேசியில் பிள்ளைக்கு எடுத்தேன். அவள் ரயிலில் இருந்தாள்.

“பிள்ளை, நான் துடைக்கேக்க எதையோ அமத்திப்போட்டன். விளக்கு நூந்திட்டுது. ஆரோ எடுத்தவை, நான் தூக்கேல்லை.”

ரயில் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினாள்.

“பதறாதேங்கோ அக்கா. நான் சொல்லச் சொல்ல அமத்துங்கோ. முதல் நட்சத்திரம். ரண்டு. ஒண்டு. திரும்ப நட்சத்திரம். இனி நேர்ஸின்ரை நம்பர். ஒண்டு பிழைச்சாலும் ஆரோ பேக்கரிக்காரனுக்குத்தான் போகும்.”

“உமக்குப் பகிடி வருதே பிள்ளை?”

“நானும் அழுதால் ஆர் நம்பர் சொல்லுறது? கடைசியா, வேலி மாதிரி இருக்கிற பட்டன்.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒவ்வோர் இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லியே அழுத்தினேன். விளக்கு எரிந்தது. எந்த இலக்கத்துக்குப் போகிறது என்று விளக்குக்கு என்ன தெரியும், உங்கள் கைபேசியால் அலுவலகத்துக்கு எடுத்துப் பாருங்கள் என்றாள். மேசையில் மணி அடிக்காமல், தாதியின் குரல் வரவேண்டும்.

எடுத்தேன். மேசை பேசாமல் இருந்தது. காதில் டூ, டூ என்ற சத்தம்தான். இன்னொரு முறையும் அதேதான். எல்லாவற்றையும் கெடுத்துப்போட்டேன் என்று அழுதழுது அவளுக்குச் சொன்னேன்.

“அக்கா, அது லைனிலை ஆரோ கதைக்கினம் எண்ட சத்தம். வையுங்கோ, நேர்ஸுக்கு எடுத்துக் கேட்டிட்டுத் திரும்ப எடுக்கிறன்.”

ஐந்து நிமிடம் இருக்கும். துணியைப் பிழிந்தபடியே நின்றேன். அவள் திரும்ப எடுத்தாள்.

“குளியலறையிலை விழுந்த அம்மா ஒராள். முதல் எடுத்ததும் அவதான், திரும்ப அடிக்கேக்க நேர்ஸிட்டைப் போயிருக்கு. நேர்ஸ் அவவிட்டைப் போக வெளிக்கிட்டிட்டா.”

துணியை வாளியில் போட்டேன். மேசையருகே அவளுடைய கதிரையில் உட்கார்ந்தேன். அத்தனை வருடமாகத் துடைத்த அந்தக் கதிரையில், அன்றைக்குத்தான் முதல் தடவையாக.