அரை டிராயர் போட்ட ஞானஸ்நானம்

என் நண்பனுக்கு அவன் அப்பா மேல் ஒரே ஒரு புகார்தான். "எங்கப்பா எதையும் டைமுக்குச் செஞ்சதில்ல மச்சான்." பள்ளிக்கூடத்தில் சேர்த்தது லேட், முடிச்சூரில் மனை வாங்கியது லேட். அவர் காலமான பிறகும் அந்தப் பாட்டு ஓயவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அதற்கு அவன் ஞானஸ்நானம் பெற்ற கோயிலிலிருந்து சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் தேதியே தள்ளிப்போகும். மண்டபம் வேறு பேசியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஓடுகிற எனக்கு இதெல்லாம் புதிது. ஆனாலும் சனிக்கிழமை காலை தாம்பரத்தில் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு அவனோடு பஸ் ஏறினேன். ஓசிப் பயணம் என்றால் நான் முதல் ஆள்.

அவன் பிறந்த ஊரில் அவன் அப்பா வேலை பார்த்த நூல் மில்லை மூடி வருஷக்கணக்காகியிருந்தது. வாசல் கேட்டில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். கோயில் மட்டும் வெள்ளைக்காரன் காலத்து மிடுக்கு குறையாமல் நின்றது. உள்ளே அப்படியொரு குளுமை. வந்த வேலையை மறந்து வண்ணக் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோயில் அலுவலகத்து அக்கா தடித்த பதிவேட்டைப் புரட்டினார். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்களாம்; ஆனால் பிறந்த வருஷத்தில் இவன் பெயர் இல்லை. அடுத்த வருஷத்திலும் இல்லை. நண்பனுக்கு வியர்த்துவிட்டது.

"பேஜாராப் போச்சு மச்சான். இதையும் செய்யாம வுட்டுட்டாரு."

அவன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோ எனக்கு நினைவுக்கு வந்தது. "டேய், அரை டிராயர் போட்டுகினு, கையில மெழுகுவத்தியோட இந்தக் கோயில் வாசல்ல நிக்கிறியே, அது இன்னா?"

"ஏதோ திருவிழான்னு நெனச்சேன்."

அக்கா சிரித்துவிட்டார். நான்கு வருஷம் தள்ளிப் புரட்டினார். ஒரே நாளில் வரிசையாகப் பதினொரு பிள்ளைகள், ஏழாவது இவன்.

"அப்ப மூணு நாலு வருஷமா மில்லு லாக்அவுட்டுங்க. ஞானஸ்நானம்னா சொந்தபந்தத்துக்குச் சாப்பாடு போடணுமே, யாரால முடியும்? மில்லு தொறந்த மொத ஞாயிறு எல்லாரும் தூக்கிட்டு வந்துட்டாங்க. தூக்க முடியாதத நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. எட்டாவது என் தம்பிதான்."

திரும்பும் பஸ்ஸில் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பெருங்களத்தூர் தாண்டும்போதுதான், சட்டைப் பையிலிருந்த சான்றிதழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மில்லு தொறந்த மொத ஞாயித்துக்கிழமையே பண்ணிக்கீறாரு மச்சான். ஒரு வாரம்கூட லேட் பண்ணல."