கடலை மிதித்தவள்

கடல் புருஷனை விழுங்கிய பிறகு கடல் என்ற பேரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக உள்நாட்டுக்குள் நகர்ந்தாள். அலைச் சத்தம் கேட்காத ஊரில் உப்புக்காற்று அடித்தது. உப்புக்காற்று இல்லாத ஊரில் வாசலுக்கு மீன் வண்டி வந்தது. கடைசியில் மலைகளுக்கு நடுவே ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. எந்நேரமும் துடைக்கிற மாப்பும் கையுமாக இருந்ததால் அங்கே எல்லோருக்கும் அவள் 'மாப்பு அக்கா'.

"இங்க வந்து பார்க்கட்டும் அந்தச் சனியன்!" என்று சொல்லித்தான் மூட்டையை இறக்கினாள்.

நிலவறையில் கருவி; மாடியில் திரை. கருவி உணரும் அதிர்வெல்லாம் திரையில் கோடாக ஓடும். அந்தக் கோடு எந்நேரமும் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. தன் காலடிதான் காரணம் என்று அக்கா முடிவுகட்டிவிட்டாள். செருப்பைக் கழற்றினாள், வாளிக்கு அடியில் துணி சுற்றினாள், தும்மலைக்கூட அடக்கிக்கொண்டாள். ம்ஹூம், நடுக்கம் நின்றபாடில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தாள்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மாடியில் திரையைக் கவனிக்கும் பொறியாளரம்மாவிடம் போய் நின்றாள். "மேடம், கோடு நடுங்குதே, சத்தியமா நான் மெதுவாத்தான் நடக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். "அட, அது நீங்க இல்லக்கா, கடல்! எதிரெதிரா வர்ற அலைங்க சந்திக்கிறப்ப கடலோட அடித்தரைய விட்டு விட்டு அழுத்தும். அந்த அதிர்வு பூமி முழுக்கப் பரவும். எந்த ஊருக்குப் போனாலும் இருக்கும், நம்ம காலுக்குத்தான் தெரியாது."

அக்கா வீட்டுக்கு வந்ததும் மகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

மகள் கதவை மறித்தாள். "பரீட்சைய விட்டுட்டு நான் வரமாட்டேன். எல்லா ஊர்லயும் இருக்குன்னு நீயே சொல்ற. அப்புறம் எங்கம்மா ஓடப்போற?"

அக்கா மூட்டையைக் கீழே போட்டாள். புருஷனுக்காக அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்கு அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

மறுநாள் செருப்போடு நிலவறைக்கு இறங்கினாள். கருவிக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கையை வைத்து, ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"என் காலுக்கடியிலயே இருந்துக்கிட்டு என்னையே துரத்துறியா? இனிமே ஒரு அடி நகரமாட்டேன், போ!"

"யாரது கீழே?" என்று மாடியிலிருந்து பொறியாளரம்மாவின் அலறல் கேட்டது.

ஏறிப் போய்த் திரையைப் பார்த்தாள். கடலின் பொடி நடுக்கத்துக்கு நடுவே அவளுடைய மிதி நெட்டையாக நின்றது.

"நான்தான் மேடம்," என்றாள் மாப்பு அக்கா.